பெயிலான கிணறு

தென்னூரில் வீரம்மாளின் இட்லியைச் சாப்பிடாதவர்கள் உண்டு. அவள் வாய்க்குத் தப்பியவர்கள் கிடையாது. இட்லி கல்லாக இருக்கிறது என்றால்கூடப் பொறுத்துக்கொள்வாள். அவள் இட்லிக் கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றை ஒரு வார்த்தை சொன்னால் கரண்டியோடு எழுந்து வந்துவிடுவாள். அவள் புருஷன் ராசப்பன் தன் கையால் வெட்டிய கிணறு அது. தெருவே அதில்தான் தண்ணீர் எடுத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷக் கோடையில் வந்த வாந்திபேதி, தெருவில் சிலரோடு ராசப்பனையும் கொண்டுபோனது. அடுத்த கோடைக்கு முன் கல்லூரியிலிருந்து ஹனீஃபா சார் மாணவர்களோடு வந்தார். ரசாயனம் நடத்துபவர். ஊர்க் கிணறுகளைச் சோதிப்பது என்று கல்லூரியில் முடிவாகியிருந்தது. சீசாவில் தண்ணீர் பிடித்துப் போனவர் திரும்பி வந்து, சாக்கடை கலந்திருக்கிறது, குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்றார். சோதனையைத் தெருக்காரர்கள் பரீட்சையாக்கிவிட்டார்கள். வீரம்மா கிணறு பெயில் என்று பேச்சு பரவியது. மறுநாள் இட்லி அப்படியே பானையில் மிஞ்சியது.

கல்லூரிக்காரர்கள் மறுபடி வந்தபோது அவள் போட்ட சத்தத்தில் மாணவர்கள் தெருக்கோடிக்கே போய்விட்டார்கள். ஹனீஃபா மட்டும் நின்று கேட்டுக்கொண்டார். கத்தி ஓய்ந்த பிறகு அவள் குரல் இறங்கியது.

"விடிஞ்சதும் அவருதாங்க முதல்ல இறைச்சுக் குடிப்பாரு. அப்ப இந்தத் தண்ணிதான் அவரைக் கொன்னுச்சுங்கிறீங்களா?"

ஆமாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, இல்லை என்று பொய் சொல்லவும் வரவில்லை.

"பெயிலான பசங்க செப்டம்பர்ல மறுபடி எழுதுறாங்கம்மா," என்றார். "கிணறும் எழுதட்டுமே."

அந்த ஒரு பேச்சில் அவள் இணங்கிவிட்டாள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாத மாணவர்கள் சாக்கடையை வேறு பக்கம் திருப்பினார்கள், கிணற்றில் சேறு வாரி மருந்துத்தூள் போட்டார்கள், சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். பெண்கள் துவைக்கிற கல்லைத் தூரத் தள்ளிப் போட்டார்கள். வீரம்மாள் நகராட்சிக் குழாயில் தண்ணீர் சுமந்து வந்து இட்லி அவித்தாள். வேலை செய்தவர்களைத் திட்டிக்கொண்டே வயிறு நிறையப் போட்டாள்.

செப்டம்பரில் மறுபடி சீசா போனது. முடிவு சொல்ல ஹனீஃபாவே வந்தார். தெரு கூடிவிட்டது. கிணறு தேறிவிட்டது என்றார்.

"எந்த கிளாசுங்க?" என்று கேட்டாள் வீரம்மாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்மா."

தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ராசப்பனின் செம்பை எடுத்து வந்து, இறைத்து, எல்லோருக்கும் முன்னால் முதலில் தானே குடித்தாள். கண்ணில் வழிந்ததை மறைக்கவும் இல்லை. கிளம்பப் போன ஹனீஃபாவை நிறுத்தினாள்.

"பாஸாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க சார். வருஷா வருஷம் வந்து பரீட்சை வைங்க. அவரு குடிச்சப்ப வைக்கிறதுக்கு ஆள் இல்லாமப் போச்சு."