சாஹுல் ஹமீட்டின் இனாம் டிக்கெட்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மீன்பிடி வலைக்கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீட், சொன்ன விலைக்கு ஒரு பொருளையும் வாங்கிய மனிதரில்லை. தேநீர்க் கடையில்கூட இரண்டாவது கோப்பைக்கு விலை குறையுமா என்று கேட்பார்.

மக்காவுக்கு உம்றா யாத்திரை கூட்டிப்போகச் சொல்லி மனைவி நிஸ்லா எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நோன்பிலும் "வாற வருசம்" என்பார். இம்முறை கொழும்பு வங்கியொன்று விமான மைல் சேரும் கிரெடிட் கார்ட் ஒன்றை அவருக்குக் கொடுத்தது. மூன்று மாதத்துக்குள் நான்கு லட்சம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், ஒருவர் மக்காவுக்குப் பக்கத்து ஜித்தாவுக்கு டிக்கெட் காசில்லாமல் போய்வரப் போதுமான மைல்கள் வரவேற்புப் பரிசு. விமான நிலையத்தில் தனி ஓய்வறை. அங்கே சாப்பாடும் இலவசம்.

"வட்டி வருமே," என்றாள் நிஸ்லா.

"பில் வந்த அண்டைக்கே கட்டிருவன். வட்டி வாறதுக்கு முந்தி வாசலைச் சாத்தியாச்சு."

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அவருக்குச் செலவழிக்க வழியில்லை. வலை அனுப்பும் கொழும்பு முதலாளிமார் பின்திகதியிட்ட காசோலைதான் வாங்குவார்கள். மீன்காரனிடம் கார்டை நீட்ட முடியாது. ஆகவே, ஊரார் வாங்கவிருந்ததை அவர் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார். பொருள் கார்டில், காசு அவர் கையில். தாராபுரத்துக் கலியாண வீட்டுக்கு பிரிட்ஜும் கட்டிலும் போயின. பிறகு வங்காலைக் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்கு இரண்டு லட்சத்தில் ஒலிபெருக்கி வாங்க, குழுவின் பொருளாளர் சந்தியோகு கடைக்கு வந்தார். அண்ணன் முறையில் ஹமீட்டை "நானா" என்பார்.

"நானா, நீங்க மக்காவுக்குப் போக எங்கட கோயில் ஸ்பீக்கரோ?"

"சந்தியோகு அண்ணன், ஸ்பீக்கருக்கு மதம் இல்ல. வொறண்டி மட்டுந்தான் இரிக்கு."

நான்கு லட்சம் நிரம்பியது. ஹமீட் கடையிலிருந்தபடியே ஓய்வறைச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் சந்தியோகு தொலைபேசியில் வந்தார். கனடாவிலிருக்கும் ஊர்ப்பிள்ளைகள் இதைவிடப் பெரிய ஒலிபெருக்கி வாங்கித் தந்துவிட்டார்களாம். "கடைக்காரன் திருப்பி எடுத்திட்டான் நானா. காசு உங்கட கார்டுக்கே வரும். உங்களுக்கு ஒரு சேதமும் இல்ல."

ஹமீட்டும் அப்படித்தான் நினைத்தார். அன்றே சந்தியோகுவின் காசைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள்தான் வங்கிப் பெண் விளக்கினாள்: திருப்பிய பொருளின் விலை கணக்கில் சேராது. பரிசு வேண்டுமென்றால் அந்த இரண்டு லட்சத்துக்கு வேறேதாவது வாங்கவேண்டும்.

யாருக்காவது மோட்டார் சைக்கிள் வேண்டுமா என்று கடைத்தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தார். யாருக்கும் வேண்டாம். மதியம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு குறையிது?" என்றாள் நிஸ்லா, அவருடைய சாரத்துக்கு இஸ்திரி போட்டபடி.

"ரெண்டு லட்சம்."

"ஜித்தாக்கு டிக்கெட் எவ்வளவு?"

"ரெண்டுக்குக் கொஞ்சம் மேல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப அதை வாங்குங்க. எனக்கு. பரிசு வந்தா அந்த டிக்கெட்டில நீங்களும் கூட வாங்க."

"காசுக்கா?" என்றார் ஹமீட்.

"ஓம், காசுக்குத்தான். இந்த எட்டு வருசமும் சல்லி இரிந்திச்சா, இல்லையா?"

வங்கியில் இருந்தது. வள்ளம் வாங்க, நிலம் வாங்க என்று அதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார். அதைக் கொண்டு டிக்கெட் வாங்கலாம் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

"இரிந்திச்சு," என்றார்.

அன்று பின்னேரமே கார்டில் அவளுக்கு டிக்கெட் வாங்கினார். அடுத்த மாதம் மைல்கள் வந்தன; அதில் அவருக்கும் ஒன்று.

கட்டுநாயக்க விமான நிலைய ஓய்வறை வாசலில், யாத்திரைக்குரிய தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளில் நின்று, இடுப்புப் பட்டிப் பைக்குள்ளிருந்து கார்டை எடுத்து நீட்டினார். உங்களுக்கு இலவசம், கூட வருபவருக்குக் கட்டணம் என்றாள் அங்கிருந்த பெண்.

"ரெண்டு பேர் எண்டா குறைப்பீங்களா?"

"இஹ்றாம் உடுத்துக்கிட்டுப் பேரம் பேசாதீங்க," என்றாள் நிஸ்லா.

கட்டினார். உள்ளே போனதும், கொடுத்த காசு வசூலாகும்வரை அவளுடைய தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார்.