ஓல்போர்க் விமானமும் யாழ்ப்பாணத்து ராகு காலமும்

கொப்பன்ஹேகனில் இருந்து ஓல்போர்க்குக்கு விமானத்தில் நாற்பத்தைந்து நிமிடம். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தைத் திட்டமிட எனக்குப் பதினொரு நாள் போனது. இதை எழுத உட்காரும்போதும் கோபம் குறையவில்லை.

கலியாணத்துக்கு முன்பு நான் ஓல்போர்க்கில்தான் படித்தேன். பிறகு கணவரோடு கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேக்கு வந்துவிட்டேன். பட்டத்துக்கான ஆய்வை இங்கிருந்தே எழுதி முடித்தேன். மிஞ்சியது வாய்மொழிப் பரீட்சை மட்டும். வயிற்றில் பிள்ளை இருந்தபோது வைத்தியர் படுத்திருக்கச் சொன்னதால் ஒருமுறை தள்ளிப்போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இன்னொரு முறை. மூன்றாம் முறையும் வராவிட்டால் பதிவு முடிந்துவிடும் என்று கடிதம் வந்திருந்தது. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி என்று நேரம் குறித்தார்கள்.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். ரயிலில் போனால் போகவே ஐந்து மணித்தியாலம், வரவும் அப்படியே. அவ்வளவு நேரம் பிள்ளையை விட்டிருக்க மனம் வரவில்லை. அதனால் ஏழே முக்காலுக்குப் போகும் விமானம், பின்னேரத்துக்கு முன் திரும்பி வரும் விமானம் என்று பதிவு செய்தேன். எடுத்து உறையவைத்த பால் ஆறு போத்தல். ஐந்து போதும் என்று தெரிந்தும் ஆறு. பிறகு ஏழாவதையும் வைத்தேன். அன்றைக்குப் பிள்ளையைப் பார்க்க மாமி, கணவரின் தாய், வருவதாகச் சொல்லியிருந்தா. அவ இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. கணவருக்கு அந்த வாரம் லீவு கிடையாது.

மாமி எங்கள் குசினிக்கு வந்து, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தா. யாழ்ப்பாணத்தில் அச்சடித்த பஞ்சாங்கக் கலண்டர். வருசாவருசம் யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள்.

"பிள்ளை, திங்கள் ஏழரையிலயிருந்து ஒன்பது ராகு காலம். ஏழே முக்காலுக்குப் போறியே?"

"மாமி, நான் ஆறுமணிக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டிடுவன்."

"வீட்டுப் படி இறங்கிறது வேற, பிளேன் நிலத்தை விட்டு எழும்பிறது வேற. எழும்பிறதுதான் பயணம்."

"அப்ப பஸ்ஸில போனா?"

"பஸ் எங்க எழும்புது?"

இதற்கு நான் சிரித்திருக்கலாம். ஆனால் மாமி அடுத்து, "பச்சைப்பிள்ளையின்ர தாய் நீ. உனக்கொண்டு நடந்தா நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? நான் இதுக்கு வரேல்லை," என்றா. அவ மிரட்டவில்லை, உண்மையாகவே பயந்தா. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மிரட்டினால் சண்டை பிடிக்கலாம்.

கணவரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். "ஒன்பதரைக்கும் ஒண்டு இருக்குத்தானே, மாத்திவிடுமன்," என்றார். அவருடைய வேலையில் யாராவது ஒரு கூட்டத்தை ராகு காலம் பார்த்து மாற்றச் சொன்னால் மாற்றுவாரா? கேட்டேன். "அது வேலை," என்றார்.

என்னுடையது என்ன?

மாற்றினேன். அதற்கு நான்தான் பொறுப்பு, வேறு யாருமில்லை. ஆய்வு மேற்பார்வையாளருக்குக் குடும்பக் காரணங்கள் என்று எழுதினேன். நாலு முறை எழுதி அழித்து ஐந்தாம் முறை அனுப்பினேன். எந்தக் குடும்பம், என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு மாணவியோடு பேசி, என் நேரத்தைப் பதினொன்றரைக்கு மாற்றித் தந்தார். அந்த நல்ல மனதை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமி திருப்தியாகச் சொன்னா: "ஏழேகாலுக்கே வெளிக்கிட்டு, போய் எயார்போட்டில இரு."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வண்டிலில் வைத்து வெளியே கொண்டுபோக, வெளிச்சம் எப்போது வரும் என்று போனில் பார்த்தேன். சூரிய உதயம் எட்டரை. திரும்பி வந்து கலண்டரைப் பார்த்தேன். அதில் ஆறரைக்குக் கிட்ட. கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்றபடி கணக்குப் போட்டேன். ராகு காலம் என்பது உதயத்தில் இருந்து அஸ்தமனம் வரை பகலை எட்டாகப் பிரித்து வருவது. திங்களுக்கு இரண்டாவது பங்கு. எங்கள் ஜனவரிப் பகல் ஏழரை மணித்தியாலம்தான். அப்படியானால் டென்மார்க்கில் திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது இருபத்தாறில் தொடங்கி, பத்து இருபத்திரண்டில் முடிகிறது.

ஏழே முக்கால் விமானம் இருட்டோடு, எந்தக் குற்றமும் இல்லாமல் போயிருக்கும். நான் மாற்றியெடுத்த ஒன்பதரை விமானம், எழும்புவது முதல் இறங்குவது வரை முழுக்க ராகு காலத்துக்குள்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாட்டச் சொல்லிப்போடாதையும்."

ஏழே முக்காலில் இனி இடமில்லை. மேற்பார்வையாளரிடம் இரண்டாம் முறை கேட்க முகமும் இல்லை. நான் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. ஆனாலும் அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் ஒன்பது இருபத்தாறு என்ற எண் மனதில் வந்து நின்றது. இல்லாத ஒரு பயத்தை எனக்குள் வைத்துவிட்டார்களே என்றும் கோபம், அதை வாங்கி வைத்துக்கொண்டேனே என்றும் கோபம்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு விமான நிலையத்தில் இருந்தேன். ஏழே முக்கால் விமானம் நேரத்துக்குப் போய்விட்டது என்று பலகை சொன்னது. ஒன்பது மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. எங்களை ஏற்றிக் கதவைப் பூட்டி, இறக்கையில் உறைந்ததைக் கரைக்க மருந்து தெளிக்க வரிசையில் நிறுத்தினார்கள். பத்து மணியும் ஆனது. மடியில் இருந்த குறிப்புகளில் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. பால் கட்டி மார்பு கனத்து வலித்தது. விமானம் எழும்பியபோது பத்து முப்பத்தொன்று.

ஓல்போர்க்கில் டாக்சி பிடித்து, பனிக்குள் ஓடி, அறைக் கதவைத் திறந்தபோது பதினொன்று ஐம்பது. இருபது நிமிடம் தாமதம். வெளியில் இருந்து வந்த பரீட்சகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேற்பார்வையாளர் ஒரு கிளாஸ் தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டு, "மூச்சு வாங்குங்கள், பனியை நாங்களும் பார்த்தோம்," என்றார். முதல் கேள்விக்குக் குரல் நடுங்கியது. இரண்டாவதற்குப் பிறகு நடுங்கவில்லை. டென்மார்க் முறையில் பத்துப் புள்ளி கிடைத்தது. அதற்கு மேல் பன்னிரண்டு ஒன்றுதான்.

வீடு வந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கணக்கையும் சேர்த்து. அவ வாய்விட்டுச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்று எண்ணினேன். மாமி உடனே கோயில் ஐயருக்குப் போன் எடுத்தா. இருக்கிற ஊரின் உதயத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று ஐயரும் சொன்னார். நான் சொன்னதையேதான் சொன்னார். என்னிடம் கேட்டபோது முகத்தைச் சுளித்தவ, அவரிடம் "ஓம் ஐயா, ஓம் ஐயா," என்றா.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினா. "பத்து இருபத்திரண்டோட முடிஞ்சது எண்டனி? பிளேன் எத்தினைக்கு எழும்பினது?"

"பத்து முப்பத்தொண்டு."

"பாத்தியோ! பனியா வந்து மறிச்சிருக்கு."

அந்தப் பனியால் என் படிப்பே போகப் பார்த்தது. பின்னேரம் முழுக்க மாமி ஒடென்சேயில் இருக்கும் தன் தங்கச்சிக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தா: "ராகு காலம் கழியட்டும் எண்டு பிளேன் அப்பிடியே நிண்டதாம். அதாலதான் சோதினை நல்லாச் செய்தவள்."

குசினியில் இருந்து, ஏழு போத்தலில் மிஞ்சிய மூன்றையும் கையில் வைத்தபடி, உரக்கவே சொன்னேன்: "மாமி, நான் ரெண்டு வருசம் படிச்சனான்."

"ஓம் ஓம்," என்றா, போனைக் காதில் இருந்து எடுக்காமலே. "அதுவும்தான்."