சாவு வீட்டில் சிரித்தவர்

பத்தாம் வகுப்புக்கு மூளைப் பாடம் நடத்துவதில் எனக்குப் பள்ளியில் நல்ல பெயர். பெருமூளைக்கு ஒரு கலர், சிறுமூளைக்கு ஒரு கலர், முகுளத்துக்கு ஒரு கலர் என்று போர்டில் வரைந்து வைத்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கூட எட்டிப் பார்ப்பார். பாகங்களைச் சரியாகக் குறித்தால் முழு மதிப்பெண். இந்த வித்தையெல்லாம் என் சொந்தக் குடும்பத்துக்கு எந்த லட்சணத்தில் உதவியது என்பதை எழுதி வைக்கிறேன்.

என் கணவருக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை. சூளையிலிருந்து இறக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தை வைத்தே எது நல்லது, எது உள்ளே விரிசல் விட்டது என்று பிரிக்க வேண்டும். எங்கள் தெருவில் செல்போன் நுழைந்த புதிதில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. மூன்று மாதத்தில் கையும் காலும் சரியாகிவிட்டன. சிரிப்பு மட்டும் சரியாகவில்லை. டீ ஆறிப்போச்சு என்றால் சிரிப்பார். டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால் தேம்பித் தேம்பி அழுவார்.

புதுச்சேரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "சிரிப்புக்கும் அழுகைக்கும் மூளையில ஒரு பிரேக் இருக்குதும்மா. அந்த ஒயரு அறுந்துபோச்சு. உள்ள வருத்தப்பட்டாலும் மூஞ்சி சிரிக்கும். திமிருன்னு மட்டும் நெனச்சிடாதீங்க." நான் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். பாடம் நடத்துகிறவள் அல்லவா.

பட்டறை ஆட்கள் தலையாட்டவில்லை. அவர்களிடம் ஸ்கேனைவிடப் பெரிய மெஷின் இருந்தது. அவர் வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு பலகை நிறைய, கரண்டுக் கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களை முன்னால் வைத்துத் தட்டச் சொன்னார்கள். விரிசல் விட்டவற்றை ஒன்று விடாமல் எடுத்து ஓரமாக வைத்தார். அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு குறையும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. "காது கேக்குது, கை புடிக்குது, அப்புறம் மூளைக்கு மட்டும் என்னா வந்துச்சி?" என்று கேட்டவர் அவருடைய பெரியப்பா மகன். அதே பட்டறையில் சூளைக்கு நெருப்புப் போடுகிறவர். பீங்கானைத் தட்டுவதற்கு மூளையில் ஒரு மூலை, சிரிப்பை அடக்குவதற்கு வேறொரு மூலை என்று அந்த மண்டைக்கு யார் விளக்குவது?

அடுத்த மாதமே கம்மாபுரம் பக்கத்தில் இருந்த என் கணவரின் அண்ணன் இறந்துபோனார். அவருக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பியான என் கணவர்தான். இருவருக்கும் வரப்புத் தகராறில் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "உசுரோட இருக்கும்போதுதான் பேசல. கொள்ளியாவது என் கையால வெச்சி அனுப்பிடணும்."

வாசலில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பில்லை, வயிறு குலுங்கும் சிரிப்பு. ஒப்பாரி நின்றுபோனது. துண்டை வாயில் திணித்துக்கொண்டார், நிற்கவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. அத்தனை பேரில் ஒருவருக்காவது அந்தக் கண்ணீர் தெரிய வேண்டுமே!

"என் தாலி போனது உனக்குச் சிரிப்பா இருக்குதா?" என்று அண்ணி கத்தினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், புருஷனைப் பறிகொடுத்தவள்.

"நான் அழுவுறேன் அண்ணி, அழுவுறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கேலி வேறு பண்ணுகிறான் என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள்.

கூட்டத்தில் யாரோ, "வாதம் வந்த ஆளாச்சே, தலையில ஏதாச்சும் கோளாறா இருக்கப்போவுது" என்று இழுத்தார். உடனே நம் சூளைக்காரர் முன்னால் வந்தார். "நேத்துகூட ஒரு வண்டி சாமான தட்டினான். ஒரு விரிசல வுடல. அவனுக்கா கோளாறு? வரப்புக் கோவம்ங்க, வேற ஒண்ணும் இல்ல." நீதிபதிகூட இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஊரே ஆமாம் போட்டது. என் கணவருக்கென்று வைத்திருந்த கொள்ளிச்சட்டியைத் தூக்கிச் சூளைக்காரரிடமே கொடுத்தார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ பதவி ஏற்கப் போகிறவர் மாதிரி கம்பீரமாக நடந்தார்.

அப்போது என் கணவர் ஆண்கள் பக்கமிருந்து என்னைத்தான் பார்த்தார். இது வியாதிதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் கைப்பையில் இருந்தது. டீச்சர் சொன்னால் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பைத்தியக்காரன் பெண்டாட்டி என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒருவேளை வரப்புக் கோபத்தில்தான் சிரிக்கிறாரோ என்று எனக்கே அந்த நிமிடம் தோன்றியது. சூளைக்காரராவது படிக்காதவர்.

சுடுகாட்டுக்கு அவரை வர விடவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி அழைத்துக்கொண்டு சாயங்கால பஸ் ஏறினேன். மங்கலம்பேட்டைக்காரர்கள் நாலு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். விருத்தாசலம் வந்து அவர்கள் எங்களுக்கு முன்னால் இறங்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"பத்தாவது புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறியே. அங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"பொம்பள பேசினா அங்க யாரு கேப்பாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். அது வியாதிச் சிரிப்பா, என் பதிலைக் கேட்டுச் சிரித்த சிரிப்பா என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு முகமில்லை.