முந்நூறு அடிக்கு இருந்த பணம்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளாதாரம் நடத்துகிறவள் நான். திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் பள்ளிக்கூடம். பணவீக்கம் குறைந்தால் விலை குறையாது, விலை ஏறுகிற வேகம்தான் குறையும் என்று வருடா வருடம் போர்டில் எழுதி அடிக்கோடு போடுவேன். அதைத் தப்பாக எழுதுகிற பிள்ளைக்கு அரை மார்க் கூடப் போட மாட்டேன். அப்பேர்ப்பட்ட மகராசி!

போன வருஷம் மாசியில், சாயங்கால பஸ்ஸில் இடம் பிடிக்க முண்டிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். கெடார் பக்கத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். பழைய போர்வெல்லில் தண்ணீர் வற்றிக்கொண்டு வந்தது. புதுப் போர் போடுவதற்கென்று மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்ற பணத்தை எடுத்து வைத்திருந்தான்.

“அக்கா, பணவீக்கம் கொறைஞ்சிடுச்சின்னு டிவில சொல்றான். போர் போடுற ரேட்டும் எறங்கும் இல்ல? கொஞ்சம் பொறுத்துப் போடட்டுமா?”

“ம்... எறங்கும், எறங்கும். பொறுத்தே போடு. பஸ்ல ஏறிக்கினு இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

அப்புறம் பேசவே இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன்.

அவன் பொறுத்தான். டிவிக்காரன் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல, ரேட்டு இறங்கட்டும் என்று ஒரு வருஷம் பொறுத்தான். டீசல், கூலி, பைப் எல்லாம் ஏறிக்கொண்டே இருந்தன, நான் போர்டில் எழுதுகிற மாதிரியே. இந்தக் கோடையில் பழைய போரில் காற்றுதான் வந்தது. கரும்பு காய ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் போர் வண்டியைக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன்.

பக்கத்து நிலத்துக்காரருக்கு முந்நூறு அடியில் தண்ணீர் கிடைத்திருந்தது. தம்பியிடம் இருந்த பணம் போன வருஷ ரேட்டுக்கு முந்நூறு அடி தாராளமாகப் போயிருக்கும். இப்போது இருநூற்று ஐம்பதிலேயே வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

“அண்ணே, நீங்க சொன்ன பணத்துக்கு இவ்ளோதாண்ணே. மேல ஓட்டணும்னா சொல்லுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கல்மாவு, ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதே நோட்டுக்கட்டு, ஒரு நோட்டு குறையவில்லை, ஐம்பது அடியைக் காணோம்! அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு டீச்சரா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

“மீதிய நான் தரேன்டா, ஓட்டச் சொல்லு” என்று வளையலைக் கழற்றப் போனேன்.

“வேணாம்க்கா, போட்டுக்கோ. மாட்ட வித்துக்கறேன்.”

என்மேல் அவன் கோபப்படவில்லை. நாலு வார்த்தை கேட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

“ஊரே தண்ணி இல்லன்னு மாட்ட ஓட்டிக்கினு சந்தைக்குப் போவுது. அதனால மாட்டு வெல போன மாசத்துக்கு இந்த மாசம் எறங்கிப் போச்சாம்” என்றவன், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தான். “நாம வாங்கறது எதுவும் எறங்கல. விக்கிறது மட்டும் எப்படிக்கா எறங்குது?”

அதற்கும் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. அவனிடம் அதைச் சொல்வதற்குப் பதில் வளையலை மறுபடி கழற்றத் தொடங்கினேன்.