ஆறு செங்கல் வேண்டுதல்

எங்கள் அத்தைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் மொத்தமும் நம்பிய காலம் ஒன்று உண்டு. எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, நாலைந்து மாதங்கள் அந்த நம்பிக்கை நீடித்தது. உண்மை என்னவென்று அத்தைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமையில் நான் பள்ளிக்கூடத்தில்கூடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று அத்தையைத் தவிர மற்ற எல்லோருக்கும் கவலை. அவளுடைய கட்டிலுக்கு அடியில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. மற்ற அத்தைமார்கள் நடிகைகளின் படத்தை வெட்டி ஒட்டிய காலத்தில், எங்கள் அத்தை மலை ஏறிய பெண்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். நடிகைகளாவது பார்க்க அழகாக இருப்பார்கள். இவர்கள் கறுப்புக் கண்ணாடியும் குல்லாவும் போட்டு, உதடு வெடித்து, மூக்குச் சிவந்து நின்றார்கள். அப்படியும் அந்தப் படங்களில் ஒருத்திகூடச் சிரிக்காமல் இல்லை.

அத்தையோடு வேலை செய்த நாலு நர்ஸுகளும் அவளும் சேர்ந்து, ஆகஸ்ட் மாதம் கடல் தாண்டிச் சபாவுக்குப் போய்க் கினபாலு மலை ஏறுவது என்று முடிவு செய்திருந்தார்கள். பதிமூன்றாயிரம் அடிக்கு மேல் உயரம். அத்தைக்கு அந்த மலை பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. செந்தூலில் இருந்த பெரியப்பாதான் தொல்லை. அப்பாவுக்கு மூத்தவர், ரயில்வே பட்டறையில் போர்மேன். அவர் தலையாட்டாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு காது குத்துகூட நடந்ததில்லை. முன்பு ஒரு தடவை, கூட்டாளிகளோடு ஒரு சின்னக் குன்று ஏறிவிட்டு வருகிறேன் என்று அத்தை கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள மலை ஏறி என்னா கிழிக்கப் போவுது?" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிட்டார். அண்ணன் சொன்னதற்கு மறுவார்த்தை பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. இந்த முறை விஷயம் செந்தூலுக்குப் போய்ச் சேர்ந்தால் கினபாலு அத்தோடு சரி.

ஆகவே அத்தை காதும் காதும் வைத்தாற்போல் பயிற்சியைத் தொடங்கினாள். கோலாலம்பூரில் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் கேள்வி கேட்காமல் ஏறி இறங்கக்கூடிய இடம் எது? பத்துமலை முருகன் கோயில். இருநூற்று எழுபத்திரண்டு படி. முதுகில் ஒரு பை, பைக்குள் செங்கல். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இடிந்து கிடந்த குளியலறைச் சுவரிலிருந்து நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். முதல் வாரம் இரண்டு கல், பிறகு நாலு, பிறகு ஆறு. வயசுப் பெண் தனியாகப் போகக்கூடாது என்று துணைக்கு அனுப்பப்பட்டவளும் நான்தான். கூலியாக எனக்கு ஓர் இளநீர்.

காலை ஆறரைக்கெல்லாம் மினி பஸ் பிடித்துப் போய்விடுவோம். மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். மூச்சு வாங்கும்போது நடுவில் நின்றால் ஏதாவது ஒரு கதை சொல்வாள். சத்திரத்தில் வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரிதான் பெண்களில் முதன்முதலில் ஐரோப்பாவின் பெரிய மலையில் ஏறியவளாம். முப்பது வருடம் கழித்து இன்னொருத்தி, பணக்காரி, பாவாடைக்கு அடியில் கம்பளியில் காலை மூடும் சிலுவார் தைத்துப் போட்டுக்கொண்டு அதே மலையில் ஏறினாளாம். உச்சிக்குப் போனதும் வழிகாட்டிகள் அவளைத் தோளில் தூக்கிப் பிடித்தார்களாம், மலையைவிட அவள் உயரமாக இருக்கட்டும் என்று. கினபாலுவிலேயே எழுபத்தைந்து வருடத்துக்கு முன்னால், செடி கொடி ஆராய்ச்சி செய்த ஒரு வெள்ளைக்காரம்மா போய் இலை தழை பறித்துக்கொண்டு வந்தாளாம். எனக்கு மிகவும் பிடித்தவள் ஜப்பான்காரிதான். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, கூடாரத்தோடு பனிச்சரிவில் புதைந்து, இழுத்து வெளியே போட்டார்கள், எழுந்து நடக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் எவரெஸ்ட் உச்சியில் நிற்கிறாள்.

"போன வருஷம் நம்ம இந்தியாக்காரப் பொண்ணு ஒண்ணும் ஏறிடுச்சு தெரியுமா?" என்பாள் அத்தை. அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு மூச்சு வாங்காது.

எங்களைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஆன்டி. கோயிலுக்கு வந்த இடத்தில் பார்த்துவிட்டு, நாங்கள் வீடு திரும்புவதற்குள் அம்மாவிடம் வந்து ஒப்பித்துவிட்டாள். "ஏங்க, உங்க நாத்தனாரு முதுகுல சுமையோட மூணு தடவ ஏறி எறங்குதுலா! அதுவும் வாரா வாரமாம், எளநிக்காரர் சொல்றாரு. பெரிய வேண்டுதல்தான் போல. கல்யாணத்துக்குத்தானே?"

அம்மா கேட்டாள், அப்பா கேட்டார். இருவருமே, "வேண்டுதலாம்மா?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டதால் அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சிக்குக் காலாகாலத்தில் ஒரு வழி பண்ணாமல் விட்டோமே, பாவம் சாமியிடம் போய் நிற்கிறாளே என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீனும் கோழியும் கிடையாது. வேண்டுதல் செய்யாத என் தட்டிலும் சாம்பாரைத்தான் ஊற்றினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு நானும் வரேன். பாதி வேண்டுதல் அண்ணன் செய்யறேன்" என்றார் அப்பா. அத்தையின் முகம் வெளுத்தது.

அன்று மாலை அத்தை டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், செங்கல் முதுகில் உராய்கிறது, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் கட்டிலுக்கு அடியில் கைக்கு அகப்பட்ட காகிதங்களை எடுத்து, கர்மசிரத்தையாக ஆறு கல்லையும் சுற்றி வைத்தேன்.

அப்பாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிளார்க் அவர். காலை முதல் மாலைவரை பட்டியலைப் பார்த்து, வந்த சாமானுக்கெல்லாம் நீலப் பென்சிலால் சரி போடுவது வேலை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால்கூட அம்மா எழுதிக்கொடுத்த சீட்டில் கத்தரிக்காய்க்குச் சரி, முருங்கைக்காய்க்குச் சரி என்று போட்டுக்கொண்டுதான் திரும்புவார். இரண்டாவது, எழுத்து என்று எதைக் கண்டாலும் படிக்காமல் விடமாட்டார். வடை சுற்றி வந்த காகிதத்தை எண்ணெயோடு விரித்துப் படித்துவிட்டுத்தான் வடையைத் தொடுவார்.

மறுநாள் படியடியில், "அண்ணன் இருக்கும்போது நீ எதுக்குச் சுமக்குற?" என்று அப்பா பையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். முதல் நூறு படி வீரமாக ஏறினார். அடுத்த ஐம்பது படிக்கு முருகா முருகா என்றார். அதற்குப் பிறகு முருகனைக் கூப்பிடவும் மூச்சில்லை. நடுவில் ஒரு குரங்கு வந்து அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போனது. அதைத் திட்டக்கூட அவரால் முடியவில்லை.

மேலே போனதும் நாங்கள் தடுப்பதற்குள் நேராகச் சன்னிதிக்கு நடந்து, ஐயரிடம் பையை நீட்டினார். "வேண்டுதல் சாமி. என் தங்கச்சியோடது."

ஐயர் தேங்காய் பழம் இருக்கும் என்று கையை விட்டார். வெளியே வந்தது காகிதம் சுற்றிய செங்கல். அடுத்ததும் செங்கல். ஆறையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக எத்தனையோ வகை வேண்டுதலைப் பார்த்த மனிதர் அவர். "திருப்பணிக்கா? ரொம்ப நல்லது. அந்த ஓரமா வைங்க" என்று சொல்லிவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார். அத்தை கண்ணை இறுக மூடிக் கும்பிட்டாள். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் அவள் அவ்வளவு பக்தியோடு கும்பிட்டிருப்பாள்.

செங்கல்லைச் சுற்றியிருந்த காகிதங்களை, குப்பை போடக்கூடாது என்று அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். பிறகு ஓரமாக உட்கார்ந்து கால் முட்டியைத் தடவிக்கொண்டே அவற்றைப் படித்தார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. வடைக் காகிதத்தைப் படிக்கிற மனிதர் செங்கல் காகிதத்தை விட்டுவைப்பாரா? படித்து முடித்து எல்லாவற்றையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது வாயே திறக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அத்தை எதையோ தேடித் தேடி வீட்டைத் தலைகீழாக்கினாள். மலை ஏறப் போகிறவர்கள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று தட்டச்சு செய்து கொடுத்திருந்த பட்டியலைக் காணோமாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதை அப்பா படித்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா, எங்காவது படியில் விழுந்திருக்கும் என்று முடிவுகட்டி, வாயை மூடிக்கொண்டேன். அத்தை கூட்டாளியிடம் கேட்டு வேறொன்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால், பையில் புதுச் செங்கல் தயாராக இருந்தது. எண்ணினேன், எட்டு. "சாமி காரியத்துல கொறை வைக்கக்கூடாதுலா" என்றார் அப்பா. "ஆனா மேல குடுத்துடாதம்மா. திரும்பக் கொண்டாந்துடு." அப்பா செங்கல் விஷயத்தில் இவ்வளவு கஞ்சனா என்று எனக்கு ஆச்சரியம். அன்று மதியம் தட்டில் கோழிக்கறி வந்தது, கூடவே அத்தைக்கு மட்டும் இரண்டு முட்டை. விரதம் என்ன ஆயிற்று என்று கேட்ட என் வாயில் அம்மா ஒரு துண்டுக் கோழியை வைத்து அடைத்தாள்.

ஆகஸ்ட் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கோர்ஸுக்குச் சபாவுக்கு அனுப்புகிறார்கள் என்று அத்தை வீட்டில் சொன்னாள். அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைக்குப் போய்க் கனமான கம்பளிச் சட்டை வாங்கி வந்தார், கோர்ஸ் நடக்கும் ரூமில் ஏர்கோன் குளிருமாம். கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று டார்ச் லைட் கொடுத்தார். கையுறை வாங்கியதற்கு மட்டும் அவருக்குக் காரணம் சிக்கவில்லை, மலிவாகக் கிடைத்தது என்றார். அம்மா தன் பங்குக்கு இஞ்சி மிட்டாயும், கால் வலிக்குத் தைலமும் வைத்தாள். உட்கார்ந்து பாடம் கேட்கப் போகிறவளுக்கு எதற்குத் தைலம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு அப்பாவிகளை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

அத்தை ஏறினாள். உச்சிவரை ஏறினாள். திரும்பி வந்தபோது மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து, அந்த நோட்டுப் புத்தகத்துப் பெண்களைப் போலவே இருந்தாள். "கோர்ஸ் முடிச்சிட்டியா?" என்று அப்பா கேட்டார். "முழுசா முடிச்சிட்டேண்ணே" என்றாள். அப்பா அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. மலை உச்சியில் ஐந்து நர்ஸுகள், நடுவில் அத்தை. பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு பெரியப்பா செந்தூலிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்தார். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டி, படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அட, நம்ம தங்கச்சி மாதிரியே இருக்கே!"

"மாதிரி இல்லடா, அவதான்!"

"அப்படியாண்ணே? எனக்குத் தெரியாதே. கோர்ஸுன்னுல்ல சொன்னா."

பெரியப்பா அடுத்து வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு ஆன்டி பத்திரிகையோடு ஓடி வந்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன்லா! பத்துமலையில ஏறுனவள முருகன் எம்மாம் பெரிய மலையில ஏத்திட்டாரு பாருங்க!" பின்னாலேயே பாதிக் குவார்ட்டர்ஸ் வந்தது. அத்தனை பேரும் கையைப் பிடித்துக் குலுக்கும்போது பெரியப்பாவால் என்ன செய்ய முடியும்? முருகனையா கோபித்துக்கொள்வார்? அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். ஒரு மாதத்துக்குள் பட்டறை முழுவதும் "என் தங்கச்சி" என்று அந்தப் படத்தை அவரே காட்டிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி. அத்தை படத்தை வெட்டி நீல நோட்டில் ஜப்பான்காரிக்கு அடுத்த பக்கத்தில் ஒட்டினாள்.

இந்த ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு வருடம் கழித்து, கல்லூரித் தோழிகளோடு நானே கினபாலுவுக்குக் கிளம்பியபோது, அத்தை அந்தக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பையில ஒண்ணு இருக்கு, பாரு. மேல ஏறுறப்ப குளிர் தாங்காம கைய விட்டேன், கெடச்சுச்சு" என்றாள்.

செங்கல் பொடி ஒட்டிய, நாலாக மடித்த காகிதம். காணாமல்போன பட்டியல். கம்பளிச் சட்டை, டார்ச் லைட், கையுறை, இனிப்பு மிட்டாய், கால் தைலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீலப் பென்சிலில் ஒரு சரி.

அப்பா தெரிந்துகொண்டதாகக் காட்டியிருந்தால், பெரியப்பாவிடம் மறைக்க முடியாமல் அத்தையைத் தடுக்க வேண்டியிருந்திருக்கும். அதனால்தான் அவர் கடைசிவரை தெரியாதவராகவே இருந்தார். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பட்டியலின் கடைசி வரி, வருகிறவர்கள் அவசியம் வீட்டாரிடம் சொல்லிவிட்டு வரவும் என்றிருந்தது. அதற்கும் அப்பா சரி போட்டிருந்தார். அந்த வீட்டில் ஒன்றுமே தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.