இரண்டு தொட்டியிலும் யூரியா

அசோலா எங்கள் ஊரில் மாட்டுத் தீவனம். எனக்கு அது எம்.எஸ்சி. புராஜெக்ட். அந்தக் குட்டி நீர்ப்பெரணியின் ஒவ்வொரு இலைக்குள்ளும் ஒரு பொந்து. பொந்துக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பெரணிக்குச் சாப்பாடாக்கித் தரும். தலைமுறை தலைமுறையாக உள்ளேயே கிடந்து, வெளியே தனியாகப் பிழைக்கும் வித்தையையே அது தொலைத்துவிட்டது. படித்தபோது லேசாகச் சிலிர்த்தது. பிறகு மறந்துவிட்டேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தொழுவத்துக்குப் பின்னால் இரண்டு தார்ப்பாய்த் தொட்டி வைத்தேன். ஒன்றில் யூரியா போடுவேன், மற்றதில் போடமாட்டேன். நைட்ரஜன் தண்ணீரிலேயே கிடைத்தால் பாசி வேலையை நிறுத்த வேண்டும், அதற்கான மரபணு அணைய வேண்டும். அதைக் காட்டினால் பட்டம். அவ்வளவுதான்.

மாதிரிகளை ஐஸ் பெட்டியில் போட்டு, திருநெல்வேலி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன். மரபணு விழித்திருந்தால் லேப் மெஷினின் திரையில் கோடு எழும்பும். இரண்டு கோடு எழும்பியது, ஒன்றுக்கு ஒன்று நிழல் மாதிரி.

“ஏட்டி, லேபிள மாத்தி ஒட்டிட்டியா?” என்றாள் லேபில் இருந்த சீனியர் அக்கா.

“மாத்தி ஒட்டுனாலும் ஒண்ணு அணையணும்லா?”

அவள் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, தொட்டியில் யாராவது கை வைத்தார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். நெல் விவசாயி. தயங்கவேயில்லை.

“போடாத தொட்டில நான்தான் போட்டேன் மக்கா. ஒண்ணுக்குச் சோறு போட்டுட்டு இன்னொண்ணப் பட்டினி போடலாமா? பாவம்லா. நீ பல்லு தேய்க்கப் போவையில ஒரு கை அள்ளிப் போடுவேன்.”

“சோலிய முடிச்சிட்டியளே.”

“நல்லாத்தான வளந்துச்சு?”

கோபத்தில் தொட்டியருகே போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இரண்டிலும் யூரியா என்றால் இரண்டு கோடுமே விழுந்திருக்க வேண்டும். இரண்டுமே எழும்பின. பெரணிக்கு வயிறு நிறைந்துவிட்டது. உள்ளே இருப்பது மட்டும் சமைத்துக்கொண்டே இருக்கிறது. போதும் என்று சொல்வது அதற்குக் கேட்கவில்லையா, கேட்கிற காதே போய்விட்டதா?

உச்சி வெயில். கையை விட்டுப் பெரணியை விலக்கினேன். கறுப்பாக ஒரு வட்டம் தண்ணீர் தெரிந்தது. கையை எடுத்தேன். காற்றே இல்லை. ஆனாலும் பச்சை ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து மூடிக்கொண்டது.

ரிப்போர்ட்டில் உண்மையை எழுதினேன். ஒப்பிட யூரியா போடாத தொட்டி இல்லையே, மொத்தத்தையும் திரும்பச் செய் என்றார் கைடு மேடம். பட்டம் தள்ளிப் போனது. இப்போது தொட்டிகளைச் சுற்றி வலை கட்டியிருக்கிறேன், அப்பா கை நுழையாதபடி. காலையில் பல் தேய்க்கும்போது பயத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. யூரியா போட்ட தொட்டியில் இந்த முறையாவது அந்த மரபணு அணைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பட்டத்துக்காக மட்டும் இல்லை.