லுபித்சாவின் அறுபத்து மூன்று ஜாடிகள்

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எங்கள் ஊரில் நாற்பது வீட்டுக் கூரை என் கையால் போட்டது. ஒன்றிலும் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பாலர் பள்ளிக் கூரையும் நான் போட்டதுதான். ஆகவே லுபித்சாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவன் இங்கே இல்லை.

எங்கள் ஊர் ஹங்கேரியில். வயலுக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாகியா. வாலிபத்தில் ஒரு முழம் தொத்திறைச்சிக்காக எல்லைச் சாவடியில் என் சட்டையைக் கழற்றிச் சோதித்தார்கள். இன்று அந்தச் சாவடியில் குருவி கூடு கட்டியிருக்கிறது. அந்த நாட்டுத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் வீடு வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் இங்கே குடிவந்தார்கள். லுபித்சாவும் இரண்டு குழந்தைகளோடு அப்படி வந்தவள்தான். அந்த நகரத்தில் டிராம் ஓட்டுகிறாள்.

போன வருடம் பாலர் பள்ளியை மூடப் பேச்சு எழுந்தது. ஊர் மன்றத்தில் நான்கு இடம். மூன்றுக்கு யார் வருவார்கள் என்று ஊருக்கே தெரியும்: மூடச் சொல்பவர்கள் இரண்டு பேர், வேண்டாம் என்பவர் ஒருவர். மன்றத்தில் கை தூக்கும் மேயரும் வேண்டாம் என்பவர்தான். நான்காவது இடமும் மூடச் சொல்பவருக்கே போனால் பூட்டுதான். பள்ளியை மூடக் கூடாது என்று அந்த இடத்துக்கு லுபித்சா நின்றாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டவரும் தான் குடியிருக்கும் ஊரில் நிற்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டமா ஓட்டுப் போடும்? ஊரல்லவா போட வேண்டும்!

வாசல் வாசலாகப் போனாள். எங்களிடம் ஒரு வழக்கம். வந்தவருக்கு வீட்டில் காய்ச்சிய பழச்சாராயம் ஒரு சின்னக் கிளாஸ் ஊற்றிக் கொடுப்போம். வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி. அவளோ விடிகாலையில் டிராம் எடுக்குமுன் குடிக்கவில்லை என்று குழாயில் ஊதிக் காட்ட வேண்டியவள். எல்லா வீட்டிலும் கிளாசைத் தள்ளிவைத்தாள்.

எதிர்வீட்டு எதெல்கா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "ஓட்டு மட்டும் வேணுமாம், எங்க வீட்டுச் சாராயம் வேணாமாம்! மகாராணின்னு நெனப்பு!"

உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன பயம்? நானும் சிரித்தேன்.

மறுநாள் லுபித்சா என் வாசலில் நின்றாள். கையில் ஒரு கூடை. கூடை நிறைய, கடையில் குழந்தைகளுக்கான கூழ் அடைத்து விற்கும் குட்டி ஜாடிகள், கழுவிக் காயவைத்தவை.

"வெந்தெல் மாமா, இதுல ஊத்துங்க. மூடி மேல உங்க பேர எழுதிக்கறேன். தேர்தலுக்கு மறுநாள் எனக்கு லீவு. ஜெயிச்சாலும் தோத்தாலும் எல்லாரும் வாங்க, தெறப்போம்."

"ஏம்மா, ஓட்டுக் கேக்கறவங்க சாராயம் கொடுத்துதான் பாத்திருக்கேன். நீ வாங்கிட்டுப் போறியே!"

"கொடுத்தா குத்தம் மாமா. வாங்கினா மரியாதை."

என் பிளம் சாராயத்தை விளிம்புவரை ஊற்றினேன்.

கிளாசைத் தள்ளிவைத்த வாசலுக்கெல்லாம் கூடையோடு மறுபடி ஏறி இறங்கினாள். எதெல்காகூட ஊற்றினாள். "என் பேரப் பெருசா எழுது" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டை எண்ணினார்கள். லுபித்சாவுக்கு இரண்டே ஓட்டு அதிகம்.

திங்கட்கிழமை அவள் முற்றத்தில் நீள மேசை போட்டு அறுபத்து மூன்று ஜாடிகளை வரிசையாக வைத்திருந்தாள். முதலில் என் ஜாடியைத்தான் திறந்தாள். எதெல்கா தன்னுடையது என்பாள், நம்பாதீர்கள். ஒரு வாய் குடித்ததும் லுபித்சாவின் கண்ணில் தண்ணீர்.

"மாமா, இது குடிக்கவா, கூரைத் துரு எடுக்கவா?"

"ரெண்டுக்கும்தான்! அதான் என் கூரை ஒழுகறதில்ல!"

அப்புறம் யார் ஜாடியை யார் குடித்தார்கள் என்று கணக்கில்லை. இத்தனை வருடம் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத பழைய ஊர்க்காரர்களும் புதிதாக வந்தவர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த மாதம் மன்றம் கூடியது. பள்ளியை மூட இரண்டு கை, வேண்டாமென்று மூன்று கை. செப்டம்பரில் என் கூரையின் கீழ் முப்பத்தொரு பிள்ளைகள் இரண்டு மொழியில் கூச்சல் போட்டார்கள்.

அந்த இரண்டு ஓட்டும் என்னுடையதும் என் மனைவியுடையதும். எதெல்கா அது தன்னுடையதும் தன் புருஷனுடையதும் என்கிறாள். இப்போது ஊரில் அந்த இரண்டு ஓட்டுக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் முப்பது பேராவது தேறுவார்கள். கொண்டாடட்டும்.